விருப்பப் பட்டியல்: அண்ணன் மகளின் பொறியியல் கலந்தாய்வில் நாங்கள் கற்றவை

பொறியியல் கலந்தாய்வுக்குப் போகும் மாணவர் கையில் அந்த நேரத்தில் மிச்சம் இருப்பது ஒன்றுதான்: விருப்பப் பட்டியலின் வரிசை. மதிப்பெண் ஏற்கெனவே வந்துவிட்டது. தரவரிசை என்பது மற்ற பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் பொறுத்தது. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் என்பதும் நம் கையில் இல்லை. அப்படியிருந்தும் பல வீடுகளில் இந்தப் பட்டியலுக்குக் கடைசி நாள் இரவை மட்டும்தான் ஒதுக்குகிறார்கள். இரண்டு வருடம் விழுந்து விழுந்து படித்த பிள்ளையின் அடுத்த நான்கு வருடம் ஒரு பிரவுசிங் சென்டரில் அவசர அவசரமாக முடிவாகிறது. 2024-இல் என் அண்ணன் மகளுக்காக நாங்கள் குடும்பமாக உட்கார்ந்து அந்தப் பட்டியலைத் தயாரித்தோம். அப்போது பயன்பட்டவற்றை இனி எழுதப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் 2007-இல் கலந்தாய்வுக்குப் போனவள். நுழைவுத் தேர்வை நீக்கிவிட்டு பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்து இடம் கொடுத்த முதல் ஆண்டு அது. எங்களுக்கு முந்தைய ஆண்டு வரை கட்-ஆஃப் (தரவரிசைக்குக் கணக்கிடும் மதிப்பெண்) 300-க்கு; எங்களிலிருந்து 200-க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இன்றும் அதே கணக்குதான். கோவில்பட்டியிலிருந்து அப்பாவும் நானும் இரவு பஸ்ஸில் சென்னைக்குப் போனோம். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசுப் பஸ்ஸில் பாதிக் கட்டணம். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் காத்திருக்கும் இடத்தில் கல்லூரிகளின் பெயரும் காலியிடங்களும் திரையில் ஓடிக்கொண்டே இருந்தன. நாம் குறித்துவைத்த கல்லூரிக்கு நேரே 3 என்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் அது 1 ஆகும். நம் பெயரைக் கூப்பிடும் வரை அந்த ஒன்று தங்குமா என்பதே கவலை. உள்ளே போனால் கணினி முன்னால் உட்கார்ந்து சில நிமிடங்களில் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். நான் இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) எடுத்தேன். இப்போது கயத்தாறு பக்கம் காற்றாலைகளைக் கண்காணிக்கும் வேலையில் இருக்கிறேன்.

2018 முதல் கலந்தாய்வு இணையவழியாகிவிட்டது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. சென்னைக்குப் போக வேண்டாம், திரையைப் பார்த்துத் துடிக்க வேண்டாம். எங்களுக்குக் கிடைக்காத ஒன்று இன்றைய பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது: யோசிக்க நேரம். அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

முதலில் ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். ஒரு சுற்றில் இருக்கும் மாணவர்களைத் தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவரவர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருகிறது கணினி. முதல் விருப்பத்தில் பொதுப் போட்டிக்கான இடம் இருக்கிறதா, இல்லையென்றால் அவருடைய வகுப்புக்கான இடஒதுக்கீட்டில் இருக்கிறதா, இரண்டிலும் இல்லையென்றால் அடுத்த விருப்பம். எங்கே முதலில் இடம் இருக்கிறதோ அது அவருக்கு. அவ்வளவுதான். கிடைக்கவே கிடைக்காத ஒரு கல்லூரியை முதலில் போட்டதற்காக யாருக்கும் தண்டனை இல்லை; அதைத் தாண்டி அடுத்ததற்கு வந்துவிடும். அதே சமயம், கிடைக்கும் என்று பயந்து பயந்து ஒரு சுமாரான இடத்தை மேலே போட்டால், அதற்குக் கீழே எழுதிய நல்ல இடம் காலியாகவே இருந்தாலும் அது உங்களைத் தேடி வராது.

அண்ணனை இதை நம்பவைக்க நேரம் பிடித்தது. அவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வந்துபோகும் ஆளுக்கு ஆள் ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள். “கிடைக்கிறதை முதலில் போடு, பெரிய கல்லூரியை எழுதினால் இரண்டும் கெட்டுப்போகும்” என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். நான் கடையின் பில் புத்தகத்தை வாங்கி, ஒரு தாளின் பின்பக்கத்தில் ஐந்து மாணவர்களை வரிசையாக எழுதினேன். மூன்று கல்லூரிகள், ஐந்து இடங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல். “அண்ணே, இதில் நான்காவது ஆள் நம் பிள்ளை. நீங்களே பென்சிலை வைத்து அடித்துக்கொண்டு வாருங்கள்” என்றேன். முதலில் ஆசைப்பட்ட வரிசையில் ஒரு முறை, பயந்துபோய் மாற்றிய வரிசையில் ஒரு முறை. இரண்டாவது முறை அடித்து முடித்ததும் அவரே பேசாமல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் கடைக்கு வந்தவர்களுக்கு அவர்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருடக் கட்-ஆஃப் (எந்த இடம் எந்த மதிப்பெண் வரை கிடைத்தது என்ற விவரம்) எதற்கு என்று கேட்டால், பட்டியலின் மேல்பகுதிக்கு அது தேவையே இல்லை. கீழ்ப்பகுதிக்குத்தான் வேண்டும்: கடைசியில் நாம் எழுதியிருக்கும் இடங்களாவது உறுதியாகக் கிடைக்குமா என்று பார்க்க. அப்போதும் மதிப்பெண்ணைவிடத் தரவரிசையைப் பாருங்கள். கணிதத் தாள் எளிதாக வந்த ஆண்டில் 185 என்பதும் கடினமாக வந்த ஆண்டில் 185 என்பதும் ஒன்றில்லை. தரவரிசையும் முழுக்க நம்பத்தக்கதில்லை, ஏனென்றால் இடங்களின் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கிறது. 2024-இல் தரமான கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை இடம் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு இருந்த உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. நீக்கியது. கணினிப் பிரிவுகளில் இடங்கள் பெருகின. ஆகவே கீழ்ப்பகுதியில் தாராளமாக எழுதுங்கள். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், வரம்பில்லை. ஒரே ஒரு நிபந்தனையை நாங்கள் வைத்துக்கொண்டோம்: கிடைத்தால் உண்மையிலேயே போய்ச் சேரும் இடமாக இருக்க வேண்டும். எண்ணிக்கைக்காக ஒன்றுகூட எழுதக் கூடாது.

சரி, ஆசைப்படும் வரிசையை எழுத ஆசை என்னவென்று தெரிய வேண்டுமே. கட்-ஆஃப் 180-ஐத் தாண்டியிருந்த அண்ணன் மகளிடம் “என்ன படிக்க விருப்பம்?” என்று கேட்டால், “கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்கள் அத்தை” என்றாள். யார் என்கிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பாடப்பிரிவு என்பது ஒரு பெயர் மட்டும்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்று பள்ளியில் யாரும் திறந்து காட்டுவதில்லை.

ஊரார் சொல்லும் பிரிவும் காலத்துக்குக் காலம் மாறும். நான் சேர்ந்தபோது ஐ.டி. என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்கள். 2008-இல் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்த பிறகு, வேலைக்குத் தேர்வாகியும் அழைப்பு வராமல் காத்திருந்த சீனியர்களை நான் பார்த்திருக்கிறேன். உடனே காற்று மெக்கானிக்கல் பக்கம் வீசியது. அடுத்த சில ஆண்டுகள் கலந்தாய்வில் மெக்கானிக்கலும் சிவிலும்தான் முதலில் நிரம்பின. அவர்கள் வெளியே வந்தபோது காற்று மறுபடி திரும்பியிருந்தது. இன்று சேரும் பிள்ளை வேலை தேடுவது நான்கு வருடம் கழித்து. அன்றைக்கு எந்தத் துறைக்கு மவுசு என்று சொல்லக்கூடியவர் எவரும் இல்லை. நாற்பது வருடம் வேலை பார்க்கப்போகிறவளுக்கு இந்த ஒரு வருடத்துப் பேச்சை அளவுகோலாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால் பாடத்திட்டத்தைத் திறந்தோம். இது நாங்கள் செய்ததிலேயே பயனுள்ள காரியம் என்பேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் அப்போதைய 2021 ஒழுங்குமுறைப் (ரெகுலேஷன்) பாடத்திட்டம் இணையத்தில் எல்லாப் பிரிவுக்கும் இருந்தது. முதல் ஆண்டைப் பார்த்துப் பயனில்லை. கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான், பொறியியல் வரைபடம், தமிழர் மரபு என்று பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. மூன்றாம், நான்காம் பருவத்தைப் பாருங்கள். அங்கேதான் பிரிவின் முகம் தெரியும். சி.எஸ்.இ.யில் (கணினி அறிவியல்) தனிக்கணிதம் (டிஸ்க்ரீட் மேத்ஸ்), தரவுக் கட்டமைப்புகள், பொருள்நோக்கு நிரலாக்கம், அல்காரிதம், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன். இ.இ.இ.யில் மின்காந்தப் புலங்கள், மின் இயந்திரங்கள், டிஜிட்டல் சுற்றுகள். இ.சி.இ.யில் (மின்னணு, தகவல் தொடர்பு) சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ். சிவிலில் நில அளவை, கட்டுமானப் பொருட்கள், நீர்வழங்கல். மெக்கானிக்கலில் வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், உலோகவியல்.

ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே ஐந்து அலகுகள் இருக்கும். அதில் ஒரு அலகை எடுத்து, அதைப் பற்றிய விரிவுரை ஒன்றை என்.பி.டெல். இணையதளத்தில் அரை மணி நேரம் பார்க்கச் சொன்னேன். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் அங்கே இலவசமாகவே கிடைக்கின்றன. பாடம் புரிய வேண்டும் என்பதில்லை. அடுத்த அரை மணி நேரம் பார்க்கத் தோன்றுகிறதா என்பதே கேள்வி. அவள் வெப்ப இயக்கவியலைப் பாதியில் நிறுத்தினாள். தரவுக் கட்டமைப்புகளைப் பொறுமையாக முடித்தாள். சென்சார்களைப் பற்றிய ஒரு விரிவுரையைப் பார்த்துவிட்டு, தெர்மோகப்பிள் எப்படி வெப்பத்தை மின்னழுத்தமாக்குகிறது என்று என்னிடம் வந்து கேட்டாள். அதன் அடுத்த விரிவுரையையும் யாரும் சொல்லாமல் பார்த்திருந்தாள்.

இதே வேலையில் இன்னொன்றும் வெளிச்சத்துக்கு வந்தது. செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் என்ற புதிய பிரிவையும் சி.எஸ்.இ.யையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், மூன்றாம் பருவத்தில் சில பாடங்கள் அப்படியே ஒன்று: தனிக்கணிதம், டிஜிட்டல் அடிப்படைகளும் கணினி அமைப்பும். சி.எஸ்.இ.யிலேயே நான்காம் பருவத்தில் செயற்கை நுண்ணறிவு ஒரு பாடமாக இருந்தது. பெயர் புதிதாக இருப்பதால் உள்ளே முற்றிலும் வேறு உலகம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நல்ல கல்லூரியில் சி.எஸ்.இ. கிடைக்க, பெயருக்காகச் சுமாரான கல்லூரியில் புதிய பிரிவை எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அரசு வேலை மனத்தில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. பொறியியல் பணிகள், மின்வாரியம் போன்ற இடங்களின் அறிவிப்பில் சிவில், இ.இ.இ., மெக்கானிக்கல் என்று பட்டத்தின் பெயரைச் சொல்லியே கேட்பார்கள். புதுப் பெயரில் பட்டம் வாங்கியவர் தன் பட்டம் அதற்கு இணையானது என்ற அரசாணையைக் காட்ட வேண்டியிருக்கும். பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்துத் தகுதிப் பகுதியைப் படித்துவிட்டுப் பிரிவை முடிவு செய்யுங்கள்.

கடையில் நான் கவனித்திருந்த ஒரு விஷயமும் இருந்தது. கிணற்று மோட்டார் எரிந்துபோய் வந்தால் அண்ணன் முதலில் மெகர் (மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் கருவி) வைத்துப் பார்ப்பார். ஒரு முனை டெர்மினலில், மறுமுனை பாடியில். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற முள் எங்கே நிற்கிறது என்று அவள்தான் குனிந்து பார்த்துச் சொல்வாள். சின்ன வயதிலிருந்து அது அவளுடைய வேலை. முள் பூஜ்ஜியத்தில் படுத்துவிட்டால் “எர்த் ஆகிவிட்டது அப்பா” என்பாள். அதற்குப் பிறகு காயிலைப் பிரிப்பதிலோ கம்பி சுற்றுவதிலோ அவளுக்கு நாட்டம் கிடையாது. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வரைதான் அவளுடைய ஆர்வம். பிள்ளைக்குப் பிடித்தது எது என்று நேரடியாகக் கேட்டால் பதில் வராது. யாரும் சொல்லாமல் எதன் பக்கம் போய் நிற்கிறது என்று பார்த்தால் தெரியும். வீட்டில் இருப்பவர்கள்தான் இதைப் பார்க்க முடியும், கவுன்சலிங் ஆலோசகர் பார்க்க முடியாது.

நான் வேலை பார்க்கும் இடத்துக்கு ஒரு நாள் அவளை அழைத்துப்போனேன். ஒரு காற்றாலையின் உச்சியில் காற்றின் வேகமும் திசையும் அளக்கும் கருவிகள், இறக்கையின் கோணம், ஜெனரேட்டரின் வெப்பநிலை, கியர்பாக்ஸ் எண்ணெயின் அழுத்தம், எல்லாம் கட்டுப்பாட்டு அறையின் திரைக்கு வந்துகொண்டே இருக்கும். அந்த அறையில் இ.இ.இ., இன்ஸ்ட்ருமென்டேஷன் (அளவீட்டுக் கருவியியல்), இ.சி.இ., சி.எஸ்.இ. என்று எல்லாப் பிரிவினரும் அருகருகே உட்கார்ந்திருக்கிறோம். நானும் தினமும் நிரல் எழுதுகிறேன். அவர்களிடம் பேசவிட்டு நான் விலகிக்கொண்டேன். பட்டம் வாங்கி நான்கைந்து வருடம் ஆனவர்களின் பேச்சுதான் உதவும் என்பது என் கருத்து. இரண்டாம் ஆண்டு படிக்கும் பையனுக்கு வேலை தெரியாது, ஓய்வுபெற்ற பெரியவருக்கு இன்றைய படிப்பு தெரியாது.

இன்ஸ்ட்ருமென்டேஷன், இ.இ.இ., இ.சி.இ., சி.எஸ்.இ., இந்த வரிசையில் அவளே எழுதிக் கொடுத்தாள். எதை எடுக்கவே மாட்டேன் என்பதையும் எழுதச் சொன்னேன். அந்தப் பட்டியல் வேகமாக வந்தது, தயக்கமே இல்லை. எடுக்க மாட்டேன் என்பது தெளிவாக இருப்பது பெரிய பலம்; கலந்தாய்வில் பல பிள்ளைகள் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

பிரிவா, கல்லூரியா? என் நிலைப்பாடு இது. கிண்டிப் பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்ற பல்கலைக்கழக வளாகங்கள், பழைய அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள், இவை கிடைக்குமானால் மூன்றாவது நான்காவது விருப்பப் பிரிவுக்குக்கூட இறங்கலாம். கூடப் படிக்கும் பிள்ளைகள், நூலகம், ஆய்வகம், வளாகத்துக்கு வரும் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து தூக்கிவிடும். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டியில் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸும் அச்சுத் தொழில்நுட்பமும் இருக்கின்றன. அழகப்பாவில் தோல், நெசவு, பீங்கான் தொழில்நுட்பம் உண்டு, எம்.ஐ.டி.யில் ரப்பரும் பிளாஸ்டிக்கும். இவற்றைப் பெயரைக் கேட்டவுடன் ஒதுக்காதீர்கள், பாடத்திட்டத்தைப் பார்த்த பிறகு ஒதுக்குங்கள். அந்த வரிசைக் கல்லூரிகளைத் தாண்டியபின் கணக்கு மாறுகிறது. அங்கே பிடித்த பிரிவு முக்கியம், ஏனென்றால் பாதிக்கு மேல் நாமே படித்து ஏற வேண்டியிருக்கும். பிடிக்காத ஒன்றை யாரும் தானாகப் படிப்பதில்லை.

கல்லூரிகளை அலசும்போது கவனித்தவற்றைச் சொல்கிறேன். நாக் தரச்சான்று கல்லூரி முழுமைக்கும் தருவது. என்.பி.ஏ. அங்கீகாரம் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி. விளம்பரத்தில் என்.பி.ஏ. என்று இருந்தால் நம் பிரிவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத்துக்கும் வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றை அதோடு ஒப்பிட வேண்டாம். அவற்றின் பாடத்திட்டமும் தனி, அந்தந்தக் கல்லூரியின் தளத்தில்தான் கிடைக்கும். சில பழைய கல்லூரிகளில் ஒரே பிரிவு இரண்டு குறியீட்டில் இருக்கும். ஒன்று அரசு உதவி பெறுவது, மற்றொன்று சுயநிதி. பாடம் ஒன்று, கட்டணம் வேறு. பட்டியலில் குறியீட்டைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்துச் சொடுக்கினால் அந்த வித்தியாசம் கட்டணம் கட்டும்போதுதான் தெரியும்.

வேலைவாய்ப்பு விகிதத்தைக் கேட்கும்போது, எதற்கு விகிதம் என்றும் கேளுங்கள். சேர்ந்த அத்தனை பேரிலுமா, அரியர் (தேறாத பாடம்) இல்லாமல் பதிவு செய்தவர்களில் மட்டுமா? அதிகபட்சச் சம்பளம் ஒருவருக்குக் கிடைத்தது. நம் பிரிவில் நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது என்பதே நமக்கு வேண்டிய விவரம். நாங்கள் சில கல்லூரிகளுக்கு நேரில் போனோம். அலுவலகத்தில் கேட்டதைவிட வாசலில் பஸ்ஸுக்கு நின்ற இறுதியாண்டுப் பிள்ளைகளிடம் கேட்டதில் அதிகம் தெரிந்தது. ஓர் இடத்தில் ஆய்வகத்தைக் காட்டும்படி கேட்டோம். மின்னலைகளைக் காட்டும் அலைமானிகள் வரிசையாக இருந்தன, பாதிக்கு மேல் உறை பிரிக்காமல். அந்தக் கல்லூரியின் பெயரை அங்கேயே நின்று பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள்.

மதினிக்குத் தூரம்தான் கவலை. மதுரையைத் தாண்ட வேண்டாம் என்றார். நான் எதிர்வாதம் செய்யவில்லை. அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு வெளியூர்க் கல்லூரியின் மகளிர் விடுதிக்குப் போனேன். தண்ணீர், சாப்பாடு, இரவு எத்தனை மணிக்குக் கதவு அடைப்பார்கள், உடம்பு சரியில்லை என்றால் யார் அழைத்துப்போவார்கள் என்று அவர் கேட்ட கேள்விகள் எனக்குத் தோன்றவே இல்லை. வார்டன் பதில் சொன்ன விதத்தில் மதினியின் முகம் தெளிந்தது. பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்கும் அம்மாவை வாதத்தால் ஜெயிக்கப் பார்ப்பதைவிட, பட்டியலில் விடுதியையும் ஓர் அம்சமாகச் சேர்ப்பது நல்லது.

வரிசைப்படுத்தத்தான் ரொம்பத் திணறினோம். கல்லூரியும் பிரிவும் கலந்த ஒரு நீண்ட பட்டியலை யாராலும் ஒரே பார்வையில் வரிசையாக்க முடியாது. பழைய காலண்டர் அட்டையைச் சிறு சிறு சீட்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கல்லூரி, ஒரு பிரிவு, இரண்டின் குறியீடு, கட்டணம் ஆகியவற்றை எழுதினோம். கூடத்தில் தரையில் பரப்பிவிட்டு இரண்டிரண்டாக எடுத்து ஒரே கேள்வி: “இந்த இரண்டும் இன்றே கிடைத்தால் எதற்குப் போவாய்?” அவள் சொன்னது மேலே. மறுபடி அடுத்த இரண்டு. அண்ணனும் மதினியும் காரணம் கேட்கலாம், சீட்டைத் தொடக் கூடாது என்பது விதி. நடுநிசி வரை ஓடியது. காலையில் எழுந்ததும் இன்னொரு முறை பார்த்தாள். சில சீட்டுகள் இடம் மாறின. அதன் பிறகே கணினியில் ஏற்றினோம். ஏற்றியதைத் தாளில் அச்செடுத்து, அண்ணன் ஒவ்வொரு குறியீடாகப் படிக்க, அவள் திரையில் சரிபார்த்தாள்.

அந்த வரிசையின் அருமை ஒதுக்கீடு வந்தபோது தெரிந்தது. முதலில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் இ.இ.இ. வந்தது. தற்காலிக ஒதுக்கீடு வந்தவுடன் ஓரிரு நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும்: ஏற்றுக்கொண்டு சேர்வது, ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பது, மறுத்துவிட்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பது, அடுத்த சுற்றுக்குப் போவது, விலகுவது. ஒதுக்கீடு பெற்ற சிலர் போய்ச் சேர மாட்டார்கள். அந்தக் காலியிடங்கள்தான் மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு வரும். ஏற்றுக்கொண்டு காத்திருப்பதைத் தேர்ந்தெடுத்து, கலந்தாய்வு உதவி மையத்தில் குறித்த நாளுக்குள் கட்டணம் கட்டினோம். இதில் ஒன்றை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மேல் விருப்பம் கிடைத்துவிட்டால் பழைய இடம் உடனே போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. பட்டியலை ஏனோதானோ என்று எழுதியவர்கள் இந்த இடத்தில் தவித்துப்போவார்கள். எங்களுக்கு அந்தத் தவிப்பே இல்லை. மேலே இருந்த ஒவ்வொன்றும் கையில் இருப்பதைவிட அவளுக்குப் பிடித்தது என்பது சீட்டுகளை வைத்து ஏற்கெனவே தீர்ந்துபோன விஷயம். சில நாட்களில் ஓர் அரசுக் கல்லூரியில் இன்ஸ்ட்ருமென்டேஷனுக்கு மாறியது. மதினி உடனே விடுதிக்குப் போன் செய்தார்.

சான்றிதழ்களை ரிசல்ட் வரும் முன்பே தயார் செய்துவிடுங்கள். எங்களுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழில் ஒரு சந்தேகம் வந்தது. “வீட்டில் அத்தை பி.இ. படித்திருக்கிறாரே, எப்படிக் கிடைக்கும்?” என்று பலரும் கேட்டார்கள். கணக்கில் வருவது தாய் தந்தை, இருபக்கத்துத் தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள். அத்தை, சித்தப்பா, மாமா வரமாட்டார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கினோம், கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைத்தது. ஊர்ப் பேச்சை நம்பி இதை விட்டுவிட்ட குடும்பங்கள் எனக்குத் தெரியும், மனம் பதறுகிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீதத் தனி ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தகுதி இருந்தால் விண்ணப்பத்தில் அந்தப் பள்ளி விவரங்களை ஒரு வருடம்கூட விடாமல் நிரப்புங்கள்.

ரிசல்ட் வந்த வாரத்திலிருந்தே ஒரு தனியார் கல்லூரியின் பெயரைச் சொல்லிக்கொண்டு இரண்டு பேர் அண்ணன் கடைக்கு வந்தார்கள். எங்கள் போன் நம்பரும் பிள்ளையின் மதிப்பெண்ணும் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்றே தெரியவில்லை. மடிக்கணினி தருகிறோம், பஸ் இலவசம், முன்பணம் மட்டும் கட்டுங்கள், விருப்பப் பட்டியலையும் நாங்களே நிரப்பித் தருகிறோம், பாஸ்வேர்டைக் கொடுங்கள் என்றார்கள். அண்ணன் மரியாதையாக அனுப்பிவைத்தார். பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் யாரிடமும் போகக் கூடாது. பட்டியலை நிரப்புவதில் உதவி வேண்டுமென்றால் உதவி மையங்கள் இருக்கின்றன. கலந்தாய்வு தொடங்கும் முன்பே முன்பணம் கேட்கும் எந்த இடமும் வேண்டாம். சுயநிதிக் கல்லூரிகளில் கலந்தாய்வு இடங்களுக்கான கட்டணத்தைக் கட்டண நிர்ணயக் குழுதான் முடிவு செய்கிறது. அதற்கு மேல் கேட்டால் எந்தத் தலைப்பில் என்று எழுத்தில் கேளுங்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வேண்டாம்.

கடைசியாக, விரும்பிய பிரிவு கிடைக்காமல் சேர்ந்தவர்களுக்கு. ஐந்தாம் பருவத்திலிருந்து விருப்பப் பாடங்கள் வருகின்றன. பிற துறைகளிலிருந்தும் சில பாடங்கள் எடுக்கலாம். 2024-இல் சேர்ந்தவர்களுக்கான 2021 ஒழுங்குமுறையில், நல்ல சி.ஜி.பி.ஏ. (ஒட்டுமொத்தச் சராசரி மதிப்பெண்) வைத்திருப்பவர்கள் கூடுதலாக 18 கிரெடிட் அளவுக்குப் பாடங்கள் படித்து, தம் துறையில் ஹானர்ஸ் அல்லது வேறு துறையில் மைனர் பட்டம் வாங்க வழி இருந்தது. முதல் ஆண்டில் அரியர் வைத்துவிட்டால் ஹானர்ஸ் கைக்கு எட்டாமல் போகும். இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர்களுக்கு, எம்.டெக். போன்ற மேற்படிப்புக்கான கேட் தேர்வில் தனித் தாளே இருக்கிறது. 2024 முதல் தரவு அறிவியலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் ஒரு தாள் வந்திருக்கிறது, வேறு பிரிவினரும் அதை எழுதலாம். சேர்ந்த முதல் மாதத்திலேயே நான்கு ஆண்டுப் பாடத்திட்டத்தையும் முழுதாக ஒரு முறை வாசித்துவிட்டு, எந்தப் பருவத்தில் எதைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.